பொறுப்பு டீச்சர் தேடும் கமிட்டிகளுக்கு

சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும், தாளாளர்களுக்கும், சபை நடத்தும் நர்சரிப் பள்ளிகளில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள எல்லாருக்கும்,

ஏப்ரல் பிறந்ததும் கோயில் வாசல் அறிவிப்புப் பலகையில் அந்தத் தாள் ஏறிவிடும். நர்சரிப் பிரிவுக்குப் பொறுப்பு டீச்சர் தேவை. ஏதாவது ஒரு பட்டம், மாண்டிசோரி பயிற்சி இருந்தால் நல்லது, ஆங்கிலம் சரளமாகப் பேச வேண்டும், பாட்டும் கீபோர்டும் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை, சபை அங்கத்தினராக இருப்பது விரும்பத்தக்கது. நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு சொல் மாறி இதே வாசகம்தான். நானும் இப்படி ஒரு தாளைப் பார்த்து வேலைக்கு வந்தவள்தான். ஓய்வு பெறும்வரை சின்னப் பிள்ளைகளின் வகுப்பை விட்டு நகரவில்லை. இப்போது உங்களில் பலர் போன் போட்டு, “நல்ல டீச்சர் யாராவது இருந்தா சொல்லுங்கக்கா” என்று கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எல்லாருக்குமாக இந்த மடல்.

அந்தத் தாளில் எழுதியிருப்பது எதுவும் தப்பில்லை. என்ன வேலை என்பது மட்டும் அதில் இல்லை.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள், காலை எட்டே முக்காலுக்கு வந்து பள்ளி கேட் ஓரமாக நின்று பாருங்கள். ஸ்கூட்டியில் ஒரு அம்மா, டி.வி.எஸ்.ஸில் ஒரு தாத்தா, ஆட்டோவில் பிதுங்கிக்கொண்டு ஏழெட்டுப் பிள்ளைகள். ஒரு பையன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். பழக்கமில்லாத டீச்சர் என்ன செய்வார்? கம்பியிலிருந்து விரலைப் பிரித்து, இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவார். அந்தப் பக்கம் அம்மா கண்ணில் படாமல் நழுவிவிடுவார். பையன் மத்தியானம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான். இனி யார் எப்போது காணாமல் போவார்களோ என்ற பயம் அவனுக்கு.

வேலை தெரிந்த டீச்சர் முதலில் பிள்ளையிடம் பேசமாட்டார். அம்மாவிடம் பேசுவார். “சொல்லாம போயிடாதீங்கம்மா. எப்ப வருவீங்கன்னு அவன் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. சாப்பாடு முடிஞ்சு, பாயைச் சுருட்டுனதும் வருவேன்னு சொல்லுங்க. அழுவான், பரவாயில்லை.” மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்குப் பாயைச் சுருட்டுவது தெரியும். அதன் பிறகுதான் முட்டி போட்டு, பையனின் கண் மட்டத்துக்கு இறங்குவார். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ அவனே கம்பியை விட்டுவிடுவான்.

ஆனால் அவர் கண் அழுகிற பிள்ளை மேல் மட்டும் இருக்காது. பையைத் தோளிலிருந்து கழற்றாமல், சுவரோரம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிற பெண்பிள்ளை மேலும் இருக்கும். கமிட்டிக்காரர்கள் அந்தப் பிள்ளையைக் காட்டி, “பாருங்க, எவ்வளவு சமத்து” என்பீர்கள். அந்தச் சமத்துதான் டீச்சருக்குக் கவலை. அழுகிறவன் தன் பயத்தை வெளியே கொட்டிவிடுகிறான். அவள் உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறாள். ஒன்பது மணிக்குள், யாருக்குக் கண் சிவந்திருக்கிறது, யாருக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள், யாரை இன்று அம்மாவுக்குப் பதில் மாமா கொண்டுவந்து விட்டார், யார் முழங்கையில் நேற்று இல்லாத காயம் இருக்கிறது என்பதெல்லாம் அவர் மனதில் ஏறியிருக்கும். அன்றைய வகுப்பு எப்படிப் போகும் என்பது அந்தப் பதினைந்து நிமிடத்தில் தீர்மானமாகிவிடும். அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் நீங்கள் அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டு, பீஸ் பாக்கி யார் யார் என்று கேட்கிறீர்கள்.

பொறுப்பு டீச்சர் என்றால் பிள்ளைகளுக்குப் பொறுப்பு என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். பாதி வேலை பெரியவர்களை நடத்துவது. அவருக்குக் கீழே ஒரு துணை டீச்சர் இருப்பாள்; பெரும்பாலும் இப்போதுதான் படிப்பை முடித்த, கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண். ஒரு ஆயாம்மா இருப்பார். நாலு பிள்ளை வளர்த்தவர். துணை டீச்சர் குரலை உயர்த்தினால் வகுப்பே உயர்த்தும். ஆயாம்மாவை எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டால், மறுநாள் ஒரு பிள்ளை ஆயாம்மாவை அதே தொனியில் அதட்டும். மூன்று பெரியவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் விதம்தான் அந்த அறையில் பிள்ளைகள் படிக்கிற முதல் பாடம்.

ஆயாம்மாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் யூ.கே.ஜி.யில் ஒரு பையன் சாப்பாட்டு நேரத்தில் பசிக்கவில்லை என்பான். வீட்டில் கேட்டால் காலையிலும் சரியாகச் சாப்பிடுவதில்லை, சத்து டானிக் வாங்கிக் கொடுத்திருக்கிறோம் என்றார்கள். ஆயாம்மாதான் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “மிஸ், அவன் டப்பாவைத் தொறக்கப் பாக்கான், முடியல. வெக்கப்பட்டுக்கிட்டு பைக்குள்ள வச்சிருதான்.” புது டிபன் பாக்ஸ், நாலு பக்கமும் கிளிப் வைத்த மூடி. அவ்வளவுதான் விஷயம். டானிக் நின்றது. இதை எந்தப் பயிற்சிச் சான்றிதழும் கண்டுபிடித்திருக்காது; தரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு சாப்பிடுகிறவர் கண்டுபிடித்தார். பொறுப்பு டீச்சரின் திறமை என்னவென்றால், ஆயாம்மா தயங்காமல் வந்து சொல்லும்படி அவரை வைத்திருப்பது. உங்கள் பள்ளி குரூப் போட்டோவில் ஆயாம்மா இருக்கிறாரா என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இன்னொன்று: அசனப் பண்டிகை வருகிறது, கோயில் ஹாலைக் கழுவ வேண்டும் என்று வகுப்பு நடக்கிற நாளில் ஆயாம்மாவை அழைத்துக்கொண்டு போய்விடுகிறீர்கள். நாற்பது பிள்ளைகள், கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆளில்லை. டீச்சர் கழிப்பறை வாசலில் நிற்பாரா, வகுப்பில் நிற்பாரா?

நாற்பது என்றேன். 2013-ல் வந்த தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு, கல்விக் கொள்கை, மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இருபது பேருக்கு ஒரு பெரியவர் என்கிறது. மூன்று வயதுக்குக் கீழே என்றால் பத்துப் பேருக்கு ஒருவர். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் கருகிய பிறகு இந்த மாநிலத்தில் எந்தப் பள்ளி நிர்வாகமும் இந்தக் கணக்கை வெறும் காகிதம் என்று தள்ளியிருக்கக் கூடாது. ஒரு வகுப்பில் எத்தனை பேர், எத்தனை கதவு, எந்தக் கதவு பூட்டியிருக்கிறது, அதன் சாவி யாரிடம் என்பதும் பொறுப்பு டீச்சரின் வேலைதான். அட்மிஷன் கேட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் நீங்கள் நாற்பத்தொன்றாவது பிள்ளையைச் சேர்க்கும்போது, “இடமில்லை” என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும்.

இந்த வேலைக்குப் பெரிய சரித்திரம் இருக்கிறது, அது நம் சபை சரித்திரத்தோடு ஒட்டியது என்பதால் சொல்கிறேன். பிரான்ஸில் வோஜ் மலைச் சரிவில் வால்டர்ஸ்பாக் என்ற ஏழை ஊருக்கு 1767-ல் ஓபர்லின் என்ற லுத்தரன் குருவானவர் வந்தார். பெற்றோர் வயலுக்குப் போய்விட, சின்னப் பிள்ளைகள் தெருவில் கிடந்த ஊர். சாரா பான்ஸெட் என்ற இளம்பெண் தன் வீட்டில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பின்னல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓபர்லின் அதைப் பார்த்துத்தான் அவளுக்குச் சம்பளம் பேசி, அதையே பள்ளியாக்கினார். சாரா சின்ன வயதிலேயே இறந்துபோனாள். பிறகு குருவானவர் வீட்டில் வேலைக்காரப் பெண்ணாகச் சேர்ந்த லூயிஸ் ஷெப்ளர் அந்த வேலையைத் தூக்கிக்கொண்டாள். பனியில் மலை ஏறி ஊர் ஊராகப் போய்ப் பல பத்தாண்டுகள் நடத்தினாள். 1829-ல் பிரெஞ்சு அகாதமி அவளுக்குப் பரிசு கொடுத்துக் கௌரவித்தது. கிண்டர்கார்ட்டன் முறைக்குத் தகப்பன் என்று சொல்லப்படும் ஃபிரெடரிக் ஃபுரோபெல் ஜெர்மனியில் சின்னப் பிள்ளைகளுக்கான தன் பள்ளியைத் தொடங்கியது 1837-ல். லூயிஸ் இறந்ததும் அதே ஆண்டு. இன்றைக்கு அமெரிக்காவில் ஓபர்லின் பெயரில் ஒரு கல்லூரியே இருக்கிறது. சாராவும் லூயிஸும் யார் என்று கேட்டால் சரித்திரம் படித்தவர்களே யோசிப்பார்கள். நம்ம பள்ளிக் கல்வெட்டுகளிலும் அடிக்கல் நாட்டிய பேராயர் பெயர் இருக்கும், சேகர குரு பெயர் இருக்கும், பொருளாளர் பெயர் இருக்கும். முதல் வகுப்பை எடுத்த பெண் யார்? நான் சில பள்ளிகளில் கேட்டுப் பார்த்தேன்; சொல்ல ஆளில்லை.

இனி கிறிஸ்தவப் பள்ளி என்ற விஷயத்துக்கு வருகிறேன். உங்களில் சிலருக்கு இது கசக்கும்.

வருகைப் பதிவேட்டை விரித்துப் பாருங்கள். பாதிப் பெயர், சில ஊர்களில் பாதிக்கு மேல், இந்து வீட்டுப் பெயர். முஸ்லிம் பிள்ளைகளும் உண்டு. கோயில் பள்ளியில் பிள்ளையை நல்லபடியாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள். அரசு அங்கீகாரம் பெற்ற எந்தக் கல்வி நிறுவனத்திலும், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் செய்யக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 28-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு சொல்கிறது. சிறுபான்மைப் பள்ளி நடத்தும் உரிமையை நமக்குக் கொடுக்கிற 30-ஆவது பிரிவை மேடைக்கு மேடை பேசுகிறோம். இரண்டு பிரிவு தள்ளியிருக்கிற இதையும் சேர்த்துப் பேச வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் தமிழில், எல்லாரும் படிக்கிற எழுத்தில், காலை ஜெபம் உண்டு, கதை உண்டு, விருப்பம் இல்லை என்றால் பிள்ளை அந்த நேரம் என்ன செய்யும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒளிக்க என்ன இருக்கிறது?

சட்டம் ஒரு பக்கம். வகுப்பறையில் நடப்பது வேறு. ஒரு பள்ளியில், காலையில் நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்த பிள்ளையை, “இப்படி வரலாமா” என்று கேட்டு டீச்சர் கைக்குட்டையால் துடைத்துவிட்டதைப் பார்த்தேன். கெட்ட பெண் அல்ல; பக்தி மிகுதி. மறுநாள் பாட்டி வந்தார். சண்டை போடவில்லை. “எங்க பிள்ளை நெத்தியில என்ன தப்பு கண்டீங்க டீச்சர்?” என்று மட்டும் கேட்டார். ஆபீசில் இருந்த யாரிடமும் பதில் இல்லை. பொறுப்பு டீச்சர் என்று ஒருவர் நிஜமாகவே பொறுப்பில் இருந்திருந்தால் அந்தக் கைக்குட்டை பையை விட்டே வெளியே வந்திருக்காது.

வசனம் மனப்பாடம் செய்வதைப் பற்றிச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆண்டு விழாவில் எல்.கே.ஜி. பிள்ளைகள் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தை ஆங்கிலத்தில் ஒப்பிப்பார்கள். அன்பைப் பற்றிய அதிகாரம். ஒரு மேடையின் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, வரிசையில் கடைசியாக நின்று வாய் திறக்காத பிள்ளையின் தொடையைக் கிள்ளியது. கீழே முன்வரிசையில் இருந்த நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். எனக்கு அந்தப் பிள்ளை அன்றைக்குக் கற்றுக்கொண்டது எது என்பதில் சந்தேகமே இல்லை.

கதைகளும் அப்படித்தான். வேதத்தில் இருக்கிறது என்பதற்காக எல்லாம் மூன்று வயதுக்கு ஆகாது. ஆபிரகாம் ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திக் கத்தியை எடுத்த கதையை நம் ஞாயிறு பள்ளிப் புத்தகத்தில் படத்தோடு போட்டிருப்பார்கள். தகப்பன்தான் உலகத்திலேயே பெரிய பாதுகாப்பு என்று நினைக்கிற வயதில், தகப்பன் கையில் கத்தி! தாவீது கோலியாத்தின் தலையை வெட்டியது, ஆணி அடித்த கைகளிலிருந்து ரத்தம் சொட்டும் பெரிய வெள்ளிப் படம் எல்லாம் அந்த வகை. பெரியவர்களுக்கு இவற்றின் அர்த்தம் தெரியும். பிள்ளைக்குப் படம் மட்டும்தான் ராத்திரி கூடவே வரும். எதைச் சொல்வது, எதை எட்டு வயது வரை நிறுத்திவைப்பது என்று முடிவு செய்ய பொறுப்பு டீச்சருக்குத் துணிவும் வேண்டும், வேதம் நன்றாகவும் தெரிந்திருக்க வேண்டும். சபை அங்கத்தினர் என்ற சான்றிதழ் இருந்தால் போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ரோமில் 1954-ல் சோஃபியா காவல்லெட்டி என்ற வேத பண்டிதையும் ஜான்னா கோபி என்ற மாண்டிசோரி ஆசிரியையும் சேர்ந்து சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்யத் தொடங்கினார்கள். நல்ல மேய்ப்பன் கதையைச் சொல்லிவிட்டு, மரத்தால் செய்த ஆடுகளையும் மேய்ப்பனையும் சிறு பட்டியையும் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவார்கள். பிறகு டீச்சர் பேசுவதில்லை. பிள்ளை ஆடுகளை நகர்த்தும், திரும்ப நகர்த்தும். அந்த முறை உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. நாங்கள் கேள்விப்பட்டு, களிமண்ணில் ஆடு செய்து இதே மாதிரி வைத்தோம். கிடை போடுகிற ஊர் எங்களுடையது. முதல் நாளே ஒரு பையன் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நாய் எங்க மிஸ்?” என்றான். ஆட்டுக்காரர் நாயில்லாமல் வருவாரா! துணை டீச்சர் ஒரு நாய் பிடித்து வைத்தாள். அவன்தான் ஒவ்வொரு நாளும் அந்த நாயைப் பட்டி வாசலில் நிறுத்திவிட்டுப் போவான். அவன் வீட்டில் சுடலைமாடனுக்குக் கொடை கொடுப்பவர்கள். அவனுக்கு அந்தக் கதை என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியவேண்டியதில்லை, கேட்கவும் இல்லை.

கிறிஸ்தவம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். சாப்பிடும் முன் சொல்கிற ஜெபம் தோசை ஆறும் முன் முடிய வேண்டும். கை குவிக்கிற பிள்ளை குவிக்கட்டும், சும்மா இருக்கிற பிள்ளை சும்மா இருக்கட்டும். “இன்னைக்கு உங்க வீட்டுல யார் இட்லி அவிச்சா?” என்று கேட்டால், “அப்பா” என்று ஒருத்தி சொல்வாள், எல்லாரும் சிரிப்பார்கள், நன்றி என்பது அங்கே தொடங்கிவிடும். தண்ணீரைக் கொட்டிய பிள்ளைக்கு அடிக்குப் பதில் துணி கிடைக்கும் வகுப்பு, தப்பாகத் திட்டிவிட்டால் டீச்சரே பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கும் வகுப்பு. சீஷர்கள் விரட்டப் பார்த்த பிள்ளைகளை இயேசு கிட்டே கூப்பிட்ட இடத்தில், அவர் அவர்களுக்குப் பரீட்சை வைத்ததாக எந்தச் சுவிசேஷத்திலும் நான் படிக்கவில்லை.

எழுத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஜூலையில் எல்.கே.ஜி. பிள்ளை கையில் நாலு வரி நோட்டு வந்துவிடுகிறது. மூன்றரை வயதில் மணிக்கட்டு எலும்புகளில் பலவும் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். மாவு பிசைவது, துணி பிழிவது, மண் அள்ளுவது, சட்டைப் பொத்தான் போடுவது எல்லாம் அந்தக் கைக்கு எழுதப் படிப்பதுதான். (புளியங்கொட்டையை மட்டும் கையில் கொடுக்க வேண்டாம், மூக்கு என்று ஒன்று இருப்பதை அந்த வயதுப் பிள்ளைகள் எப்போதும் மறப்பதில்லை.) மணலில் விரலால் எழுதுவது நம் திண்ணைப் பள்ளி வழக்கம். 1789-ல் சென்னை எழும்பூர் ஆண் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம்மூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் வைத்தார். 1797-ல் தன் பள்ளி நடந்த முறையைப் புத்தகமாக எழுதினார்; அந்த முறை ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துக்கே போனது. 1939-ல் அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரியும் உப்புத்தாள் எழுத்துகளை விரலால் தடவச் சொன்னவர்தான். அவர் பெயரைப் போர்டில் போட்டுக்கொண்டு நோட்டைத் திணிக்கிறோம்.

பெற்றோர் கேட்கிறார்கள் என்பீர்கள். கேட்கத்தான் செய்வார்கள். 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் அரசே எல்.கே.ஜி., யூ.கே.ஜி. தொடங்கியது, அங்கே பீஸ் கிடையாது. பிறகும் உங்களிடம் பணம் கட்டுகிறவர்கள், பக்கத்து மெட்ரிக் பள்ளிப் பிள்ளை வாக்கியம் எழுதுகிறதே என்று கேட்பது இயல்புதான். பெற்றோர் கூட்டத்தில் அந்தக் கேள்வி வரும்போது பொறுப்பு டீச்சர் பதில் சொல்லட்டும். அவர் சொல்லி முடித்ததும் தாளாளர் எழுந்து, “டீச்சர் சொல்றதுதான் பள்ளியின் முடிவு” என்று ஒரு வரி சொல்ல வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் எத்தனையோ நல்ல டீச்சர்கள் நோட்டுக்கு மண்டியிட்டதைப் பார்த்துவிட்டேன்.

அடுத்தது, பேசத் தயங்குகிற விஷயம். பிள்ளையின் உடம்பில் காயத்தையோ, நடத்தையில் திடீர் மாற்றத்தையோ, சொல்லக் கூடாத ஒரு சொல்லையோ முதலில் பார்ப்பதும் கேட்பதும் பொறுப்பு டீச்சர்தான். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலோ நடக்கும் என்ற அச்சம் இருந்தாலோ அவர் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 21-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே இருப்பவர் செய்த குற்றத்தை மறைக்கிற நிறுவனப் பொறுப்பாளருக்கு ஒரு வருடம் வரை. “முதல்ல கமிட்டியில வைப்போம், குருவானவர் ஐயரிடம் கலந்து பேசுவோம், சபை பேர் கெட்டுடக் கூடாது” என்று ஒரு டீச்சரிடம் சொல்லப்பட்டதை நான் அறிவேன். அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டுப் போனாள். நியமன உத்தரவிலேயே எழுதிக்கொடுங்கள்: இந்த விஷயத்தில் யாருடைய அனுமதியும் வேண்டாம், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ நேரே பேசலாம், அதனால் உங்கள் வேலைக்கு எந்தக் கேடும் வராது. குற்றம் சாட்டப்படுகிறவர் கமிட்டிக்காரராக இருந்தாலும், ஊழியராக இருந்தாலும், பள்ளி வேன் டிரைவராக இருந்தாலும் இதுதான்.

சம்பளம். நேர்முகத் தேர்வில் அந்தப் பெண் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், “இது ஊழியம்லா தங்கச்சி” என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வார். ஊழியக்காரருக்கு நீங்கள் மே மாதச் சம்பளத்தை நிறுத்துவதில்லை. டீச்சருக்கு மட்டும் பத்து மாதமோ பதினொரு மாதமோதான் வருடம். கிறிஸ்துமஸ் புரோகிராமுக்கு ஒரு மாதம், ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம் டான்ஸ் பழக்குவது, ஞாயிறு பள்ளி, மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி, மகளிர் ஐக்கியப் பாட்டு என்று எல்லாவற்றுக்கும் அதே பெண்தான். இது அதிகம் விளக்க வேண்டிய விஷயம் அல்ல. உங்கள் வீட்டுப் பெண்ணை இந்தச் சம்பளத்துக்கு அனுப்புவீர்களா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்பீர்கள். கோடை விடுமுறைக்கு முன்பே, வகுப்பு நடக்கிற நாட்களில் விண்ணப்பித்தவர்களை வரச் சொல்லுங்கள். கமிட்டி அறையில் உட்காரவைத்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்பது பிறகு இருக்கட்டும். ஒரு காலைப் பொழுது எல்.கே.ஜி. அறையில் விட்டுவிடுங்கள். என்ன பாடம் எடுக்கிறார் என்று பார்க்க வேண்டாம். ஒரு பிள்ளை தண்ணீரைக் கொட்டினால் முதலில் பிள்ளையைப் பார்க்கிறாரா, தரையைப் பார்க்கிறாரா? அறையில் எங்கே நிற்கிறார், எல்லாரும் கண்ணில் படுகிற மூலையிலா, போர்டை ஒட்டியா? இடைவேளைக்குள் எத்தனை பெயர் தெரிந்துகொண்டார்? ஆயாம்மாவின் பெயரைக் கேட்டாரா? பன்னிரண்டு மணிக்கு அவரை அனுப்பிவிட்டு, ஆயாம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவர் அபிப்பிராயத்தைக் கேளுங்கள். நாற்காலியில் உட்காரவைத்துக் கேளுங்கள்.

எனக்குத் தெரிந்து இப்போது இரண்டு பெண்கள் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்திக்குக் கீபோர்டு வராது. இன்னொருத்தி ஆங்கிலத்தில் திணறுவாள். இரண்டு பேருக்கும் கேட் ஓரத்தில் எப்படி நிற்க வேண்டும் என்று தெரியும். அடுத்த முறை போன் செய்யும்போது வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆயா, மே மாதச் சம்பளம் உண்டா இல்லையா என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டுக்கொண்டு, அவர்கள் நம்பரைத் தருவதா வேண்டாமா என்று நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நர்சரி டீச்சர் ஒருத்தி